தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு என்ன கட்டணம்

1

கட்டணம் மறுபடியும் மாறிவிட்டது. இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் வர அனுமதி கேட்பவர்கள் கட்டும் தொகை, ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் தங்குவதற்காகக் கட்டும் தொகை, இரண்டுமே மாறியிருக்கின்றன. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ரங்கூனுக்கு ஒரு தம்பியையோ மாப்பிள்ளையையோ அனுப்பியவர்கள் இருந்தால், இந்நேரம் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். பத்திரிகையில் நான்கு வரிதான் வந்தது. மீதியை நான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. குடியேற்ற ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பை மழையில் நின்று பென்சிலால் பிரதி எடுத்து வந்தார். நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். திண்டிவனத்துப் பக்கத்துப் பாதிரிமார் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பயிற்சி பெற்றவள். எதையும் வகை பிரித்து, வரிசை போட்டு, சீட்டு ஒட்டி வைத்தால்தான் எனக்கு மனம் அடங்கும். அதனால் எங்கள் மரக்கட்டடத்தில் குடியிருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் அறிவிப்பைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் குழாயடிக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். கண்டாச்சிபுரத்து முனுசாமி அண்ணன் முதலில் கேட்டார்.

“எங்கம்மாவுக்கு எவ்ளோ போட்டிருக்கான் தங்கச்சி?”

“பெற்றவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது அண்ணா.”

“எம் மாமியாருக்கு?”

“மாமியாருக்கு வகையே இல்லை. அனுமதி கிடையாது.”

“அப்பாடா! சர்க்காருக்கு இப்பத்தான் நல்ல புத்தி வந்துக்கினு இருக்குது.”

அவர் மனைவி குடத்துத் தண்ணீரை அள்ளி அவர் மேல் வீசினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். வேலை செய்கிறவர்கள் முதல் வகை. மனைவியும் பெற்றவர்களும் இரண்டாம் வகை. கூடப்பிறந்தவர்களும் மற்றவர்களின் பிள்ளைகளும் மூன்றாம் வகை. கடைசியில் குழந்தைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதற்கு வந்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். என் அக்கா அலமேலு குழாயடியில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் தேய்க்கும் கை நின்றுவிட்டது.

அக்காவின் ஒரே பெண் குப்பு திண்டிவனத்தில் இருக்கிறாள். அக்கா ரங்கூனில் இருக்கிறாள். ஏன் அப்படி என்பதைச் சொல்லாமல் கட்டணத்தைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதிதான்.

2

அக்காவைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரில். மாமா யுத்தத்துக்கு முன்பே ரங்கூனில் நெல் ஆலை ஒன்றில் ஃபிட்டர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் எங்கள் திண்டிவனத்து வீட்டில்தான் பிறந்தன, மூன்றும் அங்கேயே போயின. ஒன்றுகூட நடக்கும் வயதைத் தொடவில்லை. மூன்றாவது பிள்ளை போனபோது நான் பயிற்சியில் இருந்தேன். அது வயிற்றுப்போக்கு என்பதும், தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் புகட்டியிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஊரில் யாருக்கும் அந்தக் காரணம் போதவில்லை. இவள் வாயால் ‘என் பிள்ளை’ என்று சொன்னால் அது தங்காது என்று பேச்சு ஏற்பட்டுவிட்டது. அக்காவும் அதை நம்பினாள்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது மாமா மலை வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது காலில் துணி சுற்றியிருந்தது, செருப்பு இல்லை. நடந்ததில் காலில் வந்த புண் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. அதற்கு மறு வருஷம் நாலாவதாகக் குப்பு பிறந்தாள்.

நம் பக்கத்தில் இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு என்ன செய்வார்கள் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் முறத்தை வைத்து, அதில் குழந்தையைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். பாக்கியம் வழிப்போக்கரைப் போல அந்தப் பக்கம் வந்தாள். பாக்கியம் திண்டிவனம் ஸ்டேஷனில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவள். ஐந்து பிள்ளைகள், ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

“இன்னாடி இது, குப்பையில ஒரு பூனைக்குட்டி கத்திக்கினு கெடக்குது?” என்றாள் பாக்கியம்.

“யாருக்கும் வேணாம்னு வீசிட்டோம். வேணும்னா எடுத்துக்கினு போ,” என்றாள் அக்கா. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“சும்மா எடுத்தா நாளைக்கு வந்து கேப்பே. வெல சொல்லு.”

“ஒரு படி தவிடு குடு.”

“மூக்கு சப்பையா இருக்குது. அரைப்படிதான் தருவேன்.”

எங்கள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேரம் பேசி ஒரு படிக்கே முடித்தார்கள். பாக்கியம் தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போனாள். பிறகு திரும்பி வந்து, “எனக்கு ஸ்டேஷன்ல வேலை கெடக்குது. இத நீ வளத்துக் குடு,” என்று அக்காவின் மடியில் போட்டாள். குப்பையில் கிடைத்ததால் குப்பம்மாள்.

ஏழு வயது நிறையும்வரை அக்கா அவளைத் தன் பிள்ளை என்று யாரிடமும் சொல்லக்கூடாது. கேட்டால் பாக்கியத்தின் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளையும் பாக்கியத்தைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்றவளை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் ‘அக்கா அக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் குப்புவும் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினாள். பாக்கியம் விற்றது போக மீந்த மல்லாட்டையோடு தினமும் வருவாள். வாசலில் நின்று, “எங்கடி எம் பொண்ணு? கஞ்சி ஊத்துறியா, இல்ல காயப்போடறியா?” என்று அதட்டுவாள். குப்பு ஓடிப்போய் அவள் கூடைக்குள் கைவிடுவாள்.

பிள்ளை நன்றாக வளர்ந்தாள். ஒரு அம்மை, இரண்டு ஜுரம், அவ்வளவுதான். அதற்குத் தவிடு காரணமா, நான் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி வீட்டில் எல்லோரையும் படுத்திய பாடு காரணமா என்று அக்காவும் நானும் ஒருநாளும் வாதாடியதில்லை.

3

யுத்தம் முடிந்ததும் மாமா பழைய வேலைக்கு ரங்கூன் திரும்பினார். எனக்குக் கல்யாணமாகி நானும் இங்கே வந்தேன். அப்போதெல்லாம் டிக்கெட் வாங்கினால் கப்பல் ஏறலாம். முதல் பிரசவத்துக்கு நான் திண்டிவனம் போய், பையன் பாபுவைப் பெற்றெடுத்துத் திரும்புவதற்குள் சட்டம் வந்துவிட்டது. பர்மாவுக்குள் வர அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கட்டணம் வேண்டும். மனைவிக்கு ஒரு தொகை. அவள் பெற்ற சிறு பிள்ளைகள் அவள் அனுமதியிலேயே கட்டணமில்லாமல் வரலாம். அந்தத் தொகையும் அடுத்த மாதத்திலிருந்து கூடப்போகிறது என்றார்கள். அக்காவும் குப்புவும் என்னோடு அதே கப்பலில் வருவது என்று முடிவாயிற்று. மாமாவின் கால்புண்ணுக்குக் கட்டுப்போட அங்கே ஒருவரும் இல்லை. அக்கா போயே ஆகவேண்டிய நிலை.

வேண்டிய காகிதங்களை எல்லாம் நான் சேர்த்தேன். மாமாவின் ஆலை கொடுத்த சான்று, கல்யாணத்துக்கு ஊர் முன்சீப்பின் கையெழுத்து, அம்மை குத்திய சீட்டு, இருவரின் போட்டோ. எதுவும் விடுபடவில்லை. குழந்தை அக்காவின் மகள் என்று மனுவில் நானே தெளிவாக எழுதியிருந்தேன்.

திண்டிவனத்தில் ரயில் ஏறும்போது பாக்கியமும் கூடையோடு ஏறிவிட்டாள். “எம் பொண்ணு கப்பல் ஏறுது, நான் பாக்க வேணாமா?” என்றாள். வழியெல்லாம் பெட்டிக்குள் மல்லாட்டை விற்று, டிக்கெட் காசைத் தேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள்.

சென்னையில் கடற்கரைக்கு எதிரே அந்த ஆபீஸ். அப்பா வெளியே பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர், நம்மவர், களைத்துப் போயிருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்.

“கையில இருக்கிறது யார் குழந்தை?”

“என் குழந்தைங்க.”

முத்திரை விழுந்தது. அடுத்து அக்கா. காகிதங்களைப் புரட்டினார், தலையாட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே அதே கேள்வியைக் கேட்டார்.

“இது யார் குழந்தை?”

“பாக்கியத்தோட பிள்ளைங்க,” என்றாள் அக்கா.

 அவள் யோசித்துச் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு மேலாக, பால்காரனிலிருந்து கோவில் குருக்கள்வரை யார் கேட்டாலும் சொன்ன பதில் அது. தானாக வந்துவிட்டது.

அதிகாரியின் பேனா நின்றது. “பாக்கியம் யாரு?”

“நாந்தாங்க சாமி,” என்று பாக்கியம் கூடையோடு முன்னால் வந்தாள். அவளுக்கு அது எப்போதும் ஆடுகிற ஆட்டத்தின் இன்னொரு பகுதி. “தவிட்டுக்கு வாங்கின பிள்ளைங்க. ஒரு படி குடுத்தேன். இவங்ககிட்ட வளக்கறதுக்கு வுட்டிருக்கேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தம் பிள்ளை என்று சொல்லிக் கூட்டிப்போய் ரங்கூன் வீடுகளில் வேலைக்கு விட்டுவிடும் தரகர்கள் அப்போது அதிகம். அந்தக் கேள்வியே அவர்களைப் பிடிக்கத்தான்.

நான் குறுக்கிட்டு, மூன்று பிள்ளைகள் போனது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு இது புரியாதுன்னு நினைக்காதேம்மா. எங்க சித்தப்பா பேரே பிச்சை. ஆனா நீ சொன்னா ஆகாது. பெத்தவங்க வாயால வரணும். ‘என் பிள்ளை’ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, இப்பவே முத்திரை போட்டுடறேன்.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து கடல் தெரியும், கப்பலின் புகைபோக்கி தெரியும். அவள் அதற்குமுன் கடலைப் பார்த்ததே இல்லை.

பாக்கியத்துக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. “சொல்லு அலமேலு. நான் வுட்டுக்குடுத்துட்டேன்னு வெச்சுக்கோ. தவிட்டத் திருப்பிக்கூடத் தர வேணாம். மேல இருக்கற சாமிகிட்ட நான் பேசிக்கறேன், ஜல்தியா சொல்லு.”

அக்காவின் உதடு அசைந்தது. “ஏழு நெறையலியே பாக்கியம். நாலு நாள் தண்ணியில போவணும். தண்ணியில போயி எதுனா ஆச்சுன்னா?”

அதிகாரி பெருமூச்சு விட்டார். குனிந்து குப்புவிடம், “பாப்பா, உங்க அம்மா யாரு, காட்டு பாப்போம்,” என்றார்.

குப்பு நன்றாகப் பழக்கப்பட்ட பிள்ளை. இந்தக் கேள்விக்குச் சரியான விடை அவளுக்குத் தெரியும். கையை நீட்டிப் பாக்கியத்தைக் காட்டிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் மனுவில் ஒரு வரியை அடித்தார். “மத்தவங்க பிள்ளைன்னா மூணாம் வகை. தனி மனு, தனிக் கட்டணம். ரங்கூன்ல போய் போடுங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அக்கா கப்பல் ஏறமாட்டேன் என்று ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்தாள். ஏறாவிட்டால் அவள் அனுமதியும் காலாவதி. மறுபடி வாங்க மறுபடி கட்டணம், அதுவும் புதிய கட்டணம். மாமா அங்கே ஒற்றை ஆளாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இரண்டு மாதத்தில் தனி மனு போட்டு அழைத்துவிடலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்பாவும் அதையே சொன்னார்.

“ரெண்டு மாசந்தானே? எம் பொண்ண நான் பாத்துக்க மாட்டேனா? போடி, போய் புருஷன் கால கவனி,” என்று பாக்கியம் அவளைக் கிளப்பிவிட்டாள்.

குப்பு அழவில்லை. “அக்கா, ஜல்தியா வந்துடு,” என்று மட்டும் சொன்னாள்.

4

இரண்டு மாதம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்றாம் வகை மனுவுக்கு முதலில் பாக்கியத்தின் சம்மதப் பத்திரம் கேட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் கட்டணத்தோடு திரும்புகிற டிக்கெட்டுக்கும் பணம் கட்டிவைக்க வேண்டும் என்றார்கள். அதைச் சேர்த்துக்கொண்டு போனபோது பர்மா சுதந்திர நாடாகிவிட்டது. பழைய மனுக்கள் செல்லாது, முதலிலிருந்து போட வேண்டும். போட்டோம். அதற்குள் ரங்கூனுக்கு வெளியே சண்டை தொடங்கிற்று. சில மாதம் ஆபீஸில் மனுவையே வாங்கவில்லை. மறுபடி வாங்கத் தொடங்கியபோது கட்டணம் மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டதைச் சேர்த்தோம். நாங்கள் சேர்த்து முடிக்கும்போது கேட்பது வேறாகியிருந்தது.

அக்காவுக்கு எங்கள் ஆஸ்பத்திரி மருந்தறையில் பாட்டில் கழுவும் வேலை வாங்கிக்கொடுத்தேன். மிக்சர் பாட்டிலில் வேளை அளவு காட்டுவதற்காகப் பல்பல்லாகக் காகிதம் வெட்டி ஒட்டுவோமே, அதையும் கற்றுக்கொண்டாள். என்னைவிடச் சீராக வெட்டுகிறாள். வேலைக்குப் போகாத நேரத்தில் பாபுவைத் தூக்கி வைத்திருப்பாள். அவன் பேசத் தொடங்கியபோது எங்கள் இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். நான் பேசாமல் இருந்தேன். அக்கா விடவில்லை. “பெரிம்மா. பெரிம்மான்னு சொல்லு,” என்று அவன் மாறும்வரை திருத்தினாள்.

பாபுவின் பேச்சில் இப்போது பாதி பர்மியச் சொற்கள். தண்ணீருக்கு ‘யே’. சோற்றுக்கு ‘தமின்’. எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் எல்லாம் இப்படித்தான். ஊரில் நடக்கும் கல்யாணச் செய்தியை நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அக்காவின் கவலை வேறு. “குப்பு வந்தா இவங்கூட எப்படிப் பேசுவா? நீ அவனுக்கு ரெண்டு வார்த்த சேத்துக் கத்துக்குடேன்,” என்பாள்.

போன வருஷம் முனுசாமி அண்ணன் ஊருக்குப் போய்வந்தார். வந்த அன்று எங்கள் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்: “உம் பொண்ணப் பாத்தேன் அலமேலு! திண்டிவனம் ஸ்டேஷன்ல ஜன்னல் ஜன்னலா ஓடிக்கினு மல்லாட்டை விக்குது. இன்னா குரலுன்ற! யார் பொண்ணு நீன்னு கேட்டேன். பாக்கியம் பொண்ணு, உனக்கு இன்னா வேணும், அவிச்சதா வறுத்ததான்னு கேக்குது. பேஜாரு புடிச்ச பொண்ணு, சில்லறையக்கூட எண்ணித்தான் குடுத்துச்சு.”

அக்கா சிரித்தாள். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். “உசரமா வளந்திருக்காளா?” என்று கேட்டாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

5

இப்போது வந்திருக்கும் அறிவிப்பின் கடைசிப் பத்தி இது. தாயோ தகப்பனோ இங்கே முறையாகத் தங்கியிருந்தால், அவர்கள் பெற்ற சிறு பிள்ளைகள் கட்டணமே இல்லாமல் வரலாம். முன்பு எந்த வகையில் மனு போட்டிருந்தாலும் சரி. தாய் இங்கே இருந்தால் அவளே நேரில் வந்து, இது நான் பெற்ற பிள்ளை என்று அதிகாரியின் முன் சத்தியம் செய்ய வேண்டும். இந்தச் சலுகை இந்த மாதக் கடைசிவரைதான். அதன்பின் மறுபடி கட்டணம் மாறும்.

கூட்டம் கலைந்ததும் அக்கா கை கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஆவணி வந்தாத்தான் அவளுக்கு ஏழு நெறையும்,” என்றாள்.

“தெரியும் அக்கா. இந்த மாதம் போனால் என்ன வகை, என்ன கட்டணம் என்று யாருக்கும் தெரியாது.”

“நீயே எழுதிக் குடுத்துடேன். நான் கைநாட்டு வெக்கறேன்.”

“வாயால் சொல்ல வேண்டுமாம்.”

 நான் இத்தனை வருஷம் பேசாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். மூன்று பிள்ளைகளுக்கும் வந்தது என்ன நோய், எதனால் வந்தது, எப்படித் தடுக்கலாம், தினமும் இந்த மருந்தறையில் எத்தனை தாய்மாருக்கு நான் சொல்லித்தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். “நீ சொன்னதால் போகவில்லை அக்கா. தண்ணீரால் போயின.”

அவள் முழுவதையும் கேட்டாள். “நீ படிச்சவ,” என்றாள். “உனக்கு ஒண்ணும் சாவல.”

கோபமாகச் சொல்லவில்லை.  இருவரும் உள்ளே போய் விளக்கேற்றினோம்.

நாலைந்து நாள் போயிற்று. மாமா ஒருமுறை, “எனக்கு மட்டும் அது பிள்ளை இல்லியா, நான் போய்ச் சொல்றேன்,” என்று காலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அப்பன் சொன்னால் ஆகாது, பெற்றவள் இங்கே இருக்கும்போது அவள்தான் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். ஒரு புதன்கிழமை காலை அக்கா தலை முழுகிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். “வா, போலாம்,” என்றாள்.

ஆபீஸில் வயதான பர்மிய அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தஞ்சாவூர்க்காரர், வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, வாய் திறக்கக்கூடாது என்று சைகை காட்டினார்கள்.

“குப்பம்மாள்ங்கற இந்தப் பெண் யாரோட பிள்ளை? சத்தியமா சொல்லும்மா,” என்றார் தஞ்சாவூர்க்காரர்.

அக்கா சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லு தாயே. ஐயாவுக்குக் காது மந்தம்.”

“எம் பிள்ளைங்க.” அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. “நான் பெத்தது.”

தஞ்சாவூர்க்காரர் பர்மியத்தில் சொன்னார். அதிகாரி ஏதோ திருப்பிக் கேட்டார். “இன்னொருக்கா சொல்லணுமாம். எழுதிக்கறதுக்கு.”

“ஒருக்கா சொன்னா போதாதுங்களா?” என்றாள் அக்கா. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “இன்னொருக்கா சொல்லச் சொல்லாதீங்க ஐயா.”

தஞ்சாவூர்க்காரர் மெல்வதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் அவராகவே ஒரு வாக்கியம் சொன்னார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டணம் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

6

மேலே உள்ளதை எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். மீதியையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று தோன்றிற்று.

முனுசாமி அண்ணன் புதிய கட்டணத்தில் தம் அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மாள் பொறுப்பில் குப்புவும் வருவதாக ஏற்பாடு. கப்பல் சென்னையை விட்டது என்று தந்தி வந்த நாளிலிருந்து அக்கா ஒருவேளைதான் சாப்பிட்டாள்.  கடலில் நாலு நாள். அந்த நாலு நாளும் மருந்தறையில் அவள் வெட்டிய அளவுக் காகிதங்கள் எல்லாம் கோணலாக இருந்தன. நான் அவளுக்குத் தெரியாமல் திரும்ப வெட்டி ஒட்டினேன்.

நேற்றுக் காலை கப்பல் துறை சேர்ந்தது. மாமா, அக்கா, நான், பாபு, முனுசாமி அண்ணன். படிக்கட்டில் இறங்குகிற கூட்டத்தில் முதலில் அந்த அம்மாளைத்தான் அடையாளம் தெரிந்தது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நெட்டையாக, கறுத்து, எண்ணெய் வழிய வாரிப் பின்னிய ஒரு பெண். அக்கா அவள் கையை, காலை, வயிற்றை, நெற்றியை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. பேதி இல்லை. இருமல்கூட இல்லை. உயிரோடு வந்து சேர்ந்துவிட்டாள்.

“அக்கா!” என்றாள் குப்பு. மறக்கவில்லை. கட்டிக்கொண்டாள். மாமாவை மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்தாள். பாபு அவளிடம் பர்மியத்தில் ஏதோ கேட்டான். அவள், “இன்னாடா சொல்றே, பேசத் தெரியாதா உனக்கு?” என்றாள். வீட்டுக்கு வரும் வண்டியில் வாய் ஓயவில்லை. கப்பலில் வாந்தி எடுத்தவர்கள் யார் யார், பாக்கியத்தின் மூத்தவனுக்குப் பெண் பார்த்தது, கேப்பை அடை கட்டிக்கொடுத்ததை ஒரு வெள்ளைக்காரி கேட்டு வாங்கித் தின்றது.

பிறகு ஞாபகம் வந்தவளாக அக்கா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, எங்கம்மா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு. அதுக்கு இங்க வர எவ்ளோ கட்டணம்? எனக்கு ஒண்ணுமே இல்லியாமே. அதுக்கும் ஒரு மனு போடச் சொல்லுச்சு.”

 அறிவிப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். பாக்கியத்துக்கு அதில் எந்த வகையும் இல்லை. குப்புவின் அம்மா என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அக்கா செய்த சத்தியத்தோடு அதுவும் போயிற்று. நான் அக்காவைப் பார்த்தேன். நான்தான் உன்னைப் பெற்றவள் என்று இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தேன். முத்திரை விழுந்த காகிதம் அவள் மடியில்தான் இருந்தது.

அக்கா குப்புவின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

“கொறைஞ்சிக்கினு வருது கண்ணு,” என்றாள். “இன்னும் கொஞ்சம் கொறையட்டும். உங்கம்மாவுக்கும் போட்டுடலாம்.”

குப்பு கொஞ்சம் யோசித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

“அதுவரைக்கும் நான் உங்கூடவே இருக்கேன்க்கா,” என்றாள்.